ஒரு மில்லிகிராம் ஈரக்கணக்கு

கொழுந்து வாடப்போடும் மேல்மாடியில், வாசலை ஒட்டிய தூணில் ஒரு பலகை தொங்கும். அதில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வெறுங்காற்றில் நிற்கும். மற்றதன் குமிழைச் சுற்றி வெள்ளைத் துணித்திரி. திரியின் வால் கீழே ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று உயர்தர வகுப்பில் நான் படிப்பிக்கும் அதே கருவிதான். இரண்டுக்கும் இடையில் எத்தனை பாகை வித்தியாசம் என்று பார்த்துத்தான் டீமேக்கர் அடுப்பை மூட்டுவதா, சும்மா காற்றை ஓட்டுவதா என்று தீர்மானிப்பார்.

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நான் பார்த்த திரி வெள்ளையாக இல்லை. தேயிலைத் தூசு படிந்து, மரப்பட்டை நிறத்தில் விறைத்துப்போய் இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அது திரியின் பாதிக்கு மேல் ஏறவில்லை. உலர்குமிழ் 22 பாகை காட்டியது, ஈரக்குமிழ் 19. கொதிக்கவைத்த தண்ணீரில் அலசிய புதுத் திரியைக் கட்டி, கிண்ணத்தையும் கழுவி, விசிறிக் காற்றில் பத்து நிமிடம் விட்டோம். ஈரக்குமிழ் 18க்கு இறங்கி நின்றது.

ஒரு பாகைதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 850 மில்லிபார். அந்த உயரத்தில் 22க்கு 19 என்றால் சாரீரப்பதன் 77 சதவீதம். 22க்கு 18 என்றால் 69. ஒரு அழுக்குத் திரி காற்றின் ஈரத்தை 7, 8 சதவீதம் கூட்டிச் சொல்லியிருக்கிறது. (கடல்மட்டத்துக்கென்று அச்சிட்ட அட்டவணையை அப்புத்தளையில் வைத்துப் படித்தால் வரும் பிழை இதே இடத்தில் ஒன்றரை சதவீதம்தான். எல்லாரும் அட்டவணையைக் குறை சொல்கிறார்கள். திரியை யாரும் தொடுவதில்லை.)

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அழுக்குத் திரி ஒரு பக்கமாக மட்டுமே பொய் சொல்லும். திரி சரியாக நனையாவிட்டால் ஈரக்குமிழ் போதிய அளவு குளிராது. உலர்குமிழை நோக்கி ஏறும். ஆகவே எப்போதும் காற்று ஈரமாக இருக்கிறது என்றுதான் சொல்லும், காய்ந்திருக்கிறது என்று ஒருநாளும் சொல்லாது. வாட்டும் மாடியில் இந்தப் பொய்க்கு விலை விறகு. கீழே கொழுந்தை அரைக்கும் ரோதை ஓடும் அறையில் அதே பொய் வேறு நட்டத்தை மறைத்து வைக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பேரேட்டைத் திறப்போம். 1,000 கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோருக்கு வருகிறது என்று வைப்போம். கொழுந்தில் 78 சதவீதம் தண்ணீர். அதாவது 780 கிலோ தண்ணீர், 220 கிலோ உலர்பொருள். இந்த 220 மாறாது. மற்றதெல்லாம் தண்ணீரோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல். வாட்டி முடிக்கும்போது ஈரம் 55 சதவீதத்துக்கு வந்தால் கொழுந்தின் நிறை 489 கிலோ. 511 கிலோ தண்ணீர் காற்றில் போய்விட்டது. அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தியில் போட்டு 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 227 கிலோ தேயிலை. உலர்த்தியில் போனது 262 கிலோ தண்ணீர். மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரை வாட்டும் மாடியே எடுத்துவிடுகிறது, அடுப்பு எடுப்பது ஒரு பங்குதான். கழிவும் தும்பும் போக, 4.6 கிலோ கொழுந்துக்கு 1 கிலோ தேயிலை என்பது ஸ்டோரில் எல்லாரும் வாயால் சொல்லும் கணக்கு.

ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாயூல் வெப்பம் வேண்டும். 511 கிலோவுக்கு 1,250 மெகாயூல். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15 மெகாயூல் இருந்து, அடுப்பு அதில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்தால், இந்த வாட்டலுக்கு மட்டும் 167 கிலோ விறகு எரிய வேண்டும். ஊவாவில், வருடத்தின் நல்ல மாதங்களில், இது எரிவதில்லை. காற்றே கொடுக்கிறது.

அந்தக் காற்றின் பெயர் கச்சான். மட்டக்களப்பிலும் இதே பெயர்தான். யூலை தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும்: ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை. 2,000 மீற்றர் முகட்டில் 14 பாகையில், மூடுபனியோடு, 100 சதவீத ஈரத்தில் இருந்த காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 மீற்றரில் பண்டாரவளையை எட்டும்போது அது 22 பாகை, 67 சதவீதம். 680 மீற்றரில் பதுளைக்கு வந்தால் 27 பாகை, 53 சதவீதம். ஒரு சொட்டுத் தண்ணீரையும் யாரும் எடுக்கவில்லை. இறங்கியதால் மட்டுமே காய்ந்துவிட்டது. வழியில் வேறு காற்றும் கலக்கும், மரங்களும் ஆவி விடும், அசலில் இலக்கம் கொஞ்சம் கூடிக் குறையும். ஆனாலும் அந்த 22 பாகை, 67 சதவீதத்தைப் பாருங்கள். உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடையில் ஏறத்தாழ 4 பாகை. வாட்டலுக்கு டீமேக்கர்கள் தேடும் வித்தியாசம் அதுதான். வேறு மலைகளில் அடுப்பு வைத்து உண்டாக்குவதை இங்கே மலையே செய்து அனுப்புகிறது. காய்ந்த காற்றில் தேயிலைச் செடியும் தன் பாட்டுக்கு மாறி, அந்த மாதங்களில் ஊவாத் தேயிலைக்குரிய வாசத்தைக் கட்டுகிறது. லிப்டன் 1890இல் தம்பேதன்னையில் ஸ்டோர் கட்டிய காலத்திலிருந்து இந்த மூன்று மாதமே ஊவாவின் பெரிய வரவு.

வரவு எவ்வளவு நுணுக்கமானது என்பது அடுத்த கணக்கில் தெரியும். 22 பாகை, 69 சதவீதக் காற்று ஒரு கன மீற்றரில் 13 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான நீராவியை வைத்திருக்கும். கொழுந்துப் படுக்கையை ஊடுருவி, 18 பாகைக்குக் குளிர்ந்து, நிறைய ஈரத்தோடு வெளியே போனால் 15 கிராமுக்குச் சற்று மேல். ஆக ஒரு கன மீற்றர் காற்று சுமந்துபோவது வெறும் 2 கிராம். 511 கிலோவைச் சுமக்க 2 இலட்சத்து 55 ஆயிரம் கன மீற்றர் காற்று தேவை. வித்தியாசம் 4 பாகையிலிருந்து 2 பாகைக்குச் சுருங்கினால் சுமை 1 கிராமுக்கு விழும். அதே தண்ணீருக்கு இரண்டு மடங்கு காற்று, இரண்டு மடங்கு நேரம். 3 கிலோவாற்று விசிறி 14 மணித்தியாலம் ஓடினால் 42 அலகு மின்சாரம். 28 மணித்தியாலம் ஓடினால் 84. அலகு 30 ரூபா என்று பிடித்தால் கூடுதல் செலவு 1,260 ரூபா. 2024 செப்ரெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. கொழுந்தை வாடப்போடும் ஒரு தொட்டியின் ஒரு இரவு, ஏறத்தாழ ஒரு ஆளின் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை.

இப்போது அழுக்குத் திரிக்குத் திரும்புவோம். காற்று 69இல் இருக்கிறது, திரி 77 என்கிறது. 3 பாகை வித்தியாசம் போதாது என்று அடுப்பை மூட்டுகிறார்கள். அந்தக் காற்று முழுவதையும் 3 பாகை சூடாக்க ஏறத்தாழ 770 மெகாயூல். மேலே சொன்ன அடுப்பில் 100 கிலோ விறகு. சூடான காற்று வேகமாக வாட்டும், ஆகவே பாதி நேரந்தான் எரிந்தது என்று வைத்தாலும் 50 கிலோ. ஒரு தொட்டிக்கு, ஒரு இரவுக்கு. திரிக்கு ஆன செலவு ஒரு சாண் பருத்தித் துணி.

இங்கேதான் என் பாடத்துக்குரிய பொருள் உள்ளே வருகிறது: மின்கடத்தும் பல்பகுதியங்கள், அதிலும் உலோகம் ஏற்றியவை. திரியும் தண்ணீரும் இல்லாமல், ஈரத்தைத் தன் உடம்பில் வாங்கி, வாங்கிய அளவை மின்தடையாகச் சொல்லும் மெல்லிய படலங்கள்.

ஈரத்தை மின்சாரத்தால் அளக்கும் எண்ணம் புதிதல்ல. 1938இல் அமெரிக்காவில் டன்மோர் இலிதியம் குளோரைட்டு உப்புப் படலத்தின் தடையை வைத்து அளந்து காட்டினார். 1973இல் பின்லாந்தின் வைசாலா நிறுவனம் மெல்லிய பல்பகுதியப் படலத்தின் கொள்ளளவத்தை வைத்து ஹியூமிகேப் என்ற உணரியைக் கொண்டுவந்தது. தண்ணீரின் மின்னுழைய மாறிலி 80ஐ ஒட்டியது, சாதாரணப் பல்பகுதியத்தின் மாறிலி 3, 4. ஆகவே கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் கொள்ளளவம் அசையும். இன்று கடையில் கிடைக்கும் உணரிகளில் பெரும்பகுதி இந்த வழிதான். அவற்றில் உள்ள பல்பகுதியம் மின்சாரத்தைக் கடத்தாதது.

கடத்துவது வேறு வகை. 1977இல் சிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் பொலிஅசற்றிலீனில் அயடீன் ஆவியைப் பாய்ச்சியபோது அதன் கடத்துதிறன் கோடி மடங்கு ஏறியது. 2000ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் மலிவானதும் செய்ய இலகுவானதும் பொலிஅனிலீன். அமிலத்தோடு இருந்தால் கரும்பச்சை, கடத்தும். அமிலத்தை இழந்தால் நீலம், கடத்தாது. தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே வரும்போது புரோத்தன்கள் சங்கிலிக்குச் சங்கிலி தாவ வழி கிடைக்கிறது. ஈரம் ஏற ஏறத் தடை இறங்குகிறது.

உலோகம் எதற்கு? பழைய ஆய்வுகூடப் பரிசோதனை ஒன்று இதைச் சொல்லும். கோபால்ற்றுக் குளோரைட்டில் தோய்த்துக் காயவைத்த தாள் நீலமாக இருக்கும். மூச்சை ஊதினால் இளஞ்சிவப்பாகும். உலோக அயன் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்துத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்கிறது. நீலத் துருசு, அதாவது செப்பு சல்பேற்று, 100 கிராமில் 36 கிராம் இப்படிப் பிடித்துவைத்த தண்ணீர்தான். இந்தப் பிடியைப் பல்பகுதியச் சங்கிலிக்குள் வைத்தால், காற்று காய்ந்திருக்கும்போதும் படலம் போதிய தண்ணீரை வாங்கிக்கொள்ளும். வெறும் பல்பகுதியம் தடுமாறும் 20, 30 சதவீதத்திலும் இலக்கம் அசையும். உலோகத் துணிக்கைகளாகவோ ஒட்சைட்டாகவோ இருந்தால் மின்னேற்றங்கள் தாவுவதற்குப் படிக்கல்லும் ஆகும். இந்தியாவில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. தில்லியில் இரும்பு ஒட்சைட்டும் பொலிபிரோலும் கலந்த உணரி பற்றிய ஆய்வு 2002இல் வந்தது. குல்பர்காப் பல்கலைக்கழகத்தார் பொலிஅனிலீனில் தங்குதன் ஒட்சைட்டைச் சேர்த்து ஈரத்தை அளந்த ஆய்வு 2006இல்.

பிடி இறுகினால் ஒரு வில்லங்கமும் உண்டு. இறுகப் பிடித்த தண்ணீரை உலோகம் இலேசில் விடாது. ஈரம் ஏறும்போது ஒரு இலக்கம், இறங்கும்போது அதே ஈரத்தில் வேறு இலக்கம். கோபால்ற்றுத் தாள் சிவக்க எடுக்கும் நேரத்தையும் திரும்ப நீலமாக எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வாட்டும் மாடியில் விசிறியை நிறுத்தி ஓட்டும் ஒவ்வொரு தடவையும் ஈரம் ஏறி இறங்கும். அங்கே வைக்கும் படலத்தில் உலோகம் எவ்வளவு, எது என்பதே முழுக் கேள்வி. கூடுதலாகப் போட்டால் கூடுதல் நல்லது என்ற கணக்கு செல்லாது.

பொருட்செலவைப் பார்ப்போம். எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்த பக்கம் இது. பொலிஅனிலீன் செய்வதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஒரு செய்முறை உண்டு: அனிலீன் ஐதரோகுளோரைட்டு 2.59 கிராம், 50 மில்லிலீற்றர் தண்ணீரில். அமோனியம் பேரொட்சிடைசல்பேற்று 5.71 கிராம், இன்னொரு 50 மில்லிலீற்றரில். இரண்டையும் கலந்து ஒரு இரவு வைத்தால் கரும்பச்சைத் தூள் படியும். வடித்துக் கழுவிக் காயவைத்தால் ஏறத்தாழ 2 கிராம். வேறு வேறு நாட்டு ஆய்வுகூடங்களில் எட்டுப் பேர் செய்து பார்த்த 59 மாதிரிகளின் கடத்துதிறன் சராசரி, சென்ரிமீற்றருக்கு 4.4 சீமன்சு. (அனிலீன் நஞ்சு. தோலிலும் மூச்சிலும் ஏறும். இதைப் பள்ளிக்கூட மேசையில் செய்யக் கூடாது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்துப் புகைப்பெட்டிக்குள் செய்ய வேண்டிய வேலை.)

ஒரு சதுர சென்ரிமீற்றர் தட்டு. மேலே 10 மைக்கிரோமீற்றர் படலம். கன அளவு 0.001 கன சென்ரிமீற்றர். அடர்த்தி 1.3 என்றால் நிறை 1.3 மில்லிகிராம். 2 கிராம் தூள் 1,500 தட்டுக்குப் போதும். படலத்தின் நிறையில் பத்தில் ஒரு பங்கு வெள்ளியாக இருந்தாலும் ஒரு தட்டுக்கு 0.13 மில்லிகிராம், 1 கிராம் வெள்ளி 7,600க்கு மேற்பட்ட தட்டுகளுக்கு வரும். பெண்கள் காலில் போடும் ஒரு மெட்டியின் வெள்ளியில் ஊவாவின் ஸ்டோர்கள் எல்லாவற்றுக்கும் உணரிப் படலம் பூசலாம், இன்னும் மிஞ்சும். உலோகம் என்று கேட்டதும் விலையை நினைத்துப் பயப்பட இதில் ஒன்றுமில்லை. படலத்தின் அடியில் சீப்புப் பல்லைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த மின்வாய்கள், தட்டு, கம்பி, தடையைப் படிக்கும் சின்னச் சுற்று, பெட்டி: இவைதாம் காசு. அந்தக் காசும் ஒரு நாட்கூலியைச் சுற்றித்தான் நிற்கும்.

கடையில் வாங்கலாமே என்றால், வாங்கலாம். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். மிக மலிவான டிஎச்டி11 உணரி சில நூறு ரூபா. அதன் பிழை கூட்டியோ கழித்தோ 5 சதவீதம். அதைவிட முக்கியம், அது 90 சதவீதத்துக்கு மேல் அளப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. வாட்டும் மாடிக்கு அரைமனதோடு சம்மதிக்கலாம். ரோதை அறைக்கு உதவாது. அரைத்த கொழுந்து நொதிக்கும் அறையில் ஈரம் 95க்கு மேல் நிற்க வேண்டும், வெப்பம் 20 முதல் 24 பாகைக்குள். ஈரம் குறைந்தால் மேற்பரப்பு காய்ந்து கறுக்கும், நிறமும் சாரமும் போகும். அந்த இடத்தில் 22 பாகைக்கு 96 சதவீதமும் 92 சதவீதமும் ஈரக்குமிழில் அரைப் பாகைதான் வேறுபடும். வெப்பமானியின் இரண்டு கோட்டுக்கு நடுவில் கண் தடுமாறும் தூரம் அது. திரியும் அழுக்கென்றால் இரண்டு குமிழும் ஒரே இலக்கத்தைக் காட்டி, அறை நிறைய ஈரம் என்று உறுதி சொல்லிக்கொண்டே இருக்கும், உள்ளே தேயிலை காய்ந்துகொண்டிருக்கும். நான் மேலே பிறகு சொல்வதாகச் சொன்ன நட்டம் இதுதான். விறகுக் கணக்கில் இது தெரியாது. கொழும்பு ஏலத்தில் தெரியும், அப்போது யாருக்கும் காரணம் ஞாபகமிராது.

டிஎச்டி22 கொஞ்சம் தேவலை; பொதுவாக 2 சதவீதப் பிழை, 2 செக்கனுக்கு ஒரு அளவீடு, 100 வரை எழுதப்பட்டிருக்கும். எஸ்எச்டி31உம் 2 சதவீதம், இன்னும் நிதானமானது. ஆனாலும் 95க்கு மேலான ஈரத்தில் கிழமைக்கணக்காகக் கிடந்தால் எந்தப் பல்பகுதியமும் ஊறி, இலக்கம் மெல்ல விலகும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 2 சதவீதம் அது பெட்டியை விட்டு வெளியே வந்த நாளுக்குரியது.

ஆகவே உண்மையான செலவு படலத்தில் இல்லை, ஒப்புப் பார்ப்பதில் இருக்கிறது. இதற்கும் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் உப்பைப் போட்டு, கரையாத உப்பு மிஞ்சும்படி கொஞ்சம் தண்ணீர் விட்டு, கூழாகக் கலந்து மூடிவிட்டால், உள்ளே காற்றின் ஈரம் தானாக ஒரு இலக்கத்தில் நிற்கும். 25 பாகையில் சோறாக்கும் உப்புக்கு 75.3 சதவீதம். மகனீசியம் குளோரைட்டுக்கு 32.8. பொற்றாசியம் குளோரைட்டுக்கு 84.3. பொற்றாசியம் சல்பேற்றுக்கு 97.3. இவை உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட இலக்கங்கள். 20 பாகைக்கு இறங்கினாலும் உப்பு 75.5, பொற்றாசியம் குளோரைட்டு 85.1, அசைவு ஒரு சதவீதத்துக்குள்தான்.

இந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தோட்டத்து உரக்கிடங்குதான் நினைவில் வந்தது. தேயிலைக்குப் போடும் எம்ஓபி வேறொன்றுமல்ல, பொற்றாசியம் குளோரைட்டு. உரமாக வருவதில் கலப்பு இருக்கும், ஒப்புப் பார்க்கச் சுத்தமான உப்பே வேண்டும். ஆனாலும் 85ஐ நிறுத்திவைக்கும் பொருள் மூட்டை மூட்டையாக ஸ்டோருக்குப் பக்கத்திலேயே அடுக்கிக் கிடக்கிறது. அதே கிடங்கிலிருந்துதான் உணரிக்குக் கெடுதலும் வரும். யூரியா ஈரப்பட்டால் கசியும் அமோனியா, பொலிஅனிலீனின் அமிலத்தைப் பிடுங்கிப் பச்சையை நீலமாக்கும், தடை ஏறும், காற்று காய்ந்துவிட்டது என்று உணரி சொல்லும். திரி ஒரு பக்கம் பொய் சொன்னால் இது மறுபக்கம். வெள்ளி சேர்த்த படலமென்றால் புகையில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். தேயிலைத் தூசுக்கு எல்லாப் படலமும் ஒன்றுதான். எனவே கிடங்குச் சுவரில் இதை மாட்டக் கூடாது. அடுப்பு வாயிலும் கூடாது. நுண்துளை மூடியொன்று போட்டு, மாதத்துக்கு ஒருதரம் வேறு வேறு உப்புள்ள இரண்டு போத்தலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு போத்தலுக்குள் ஒரு மணித்தியாலம். இரண்டு போத்தல், இரண்டு உணரி, மாதத்துக்கு அரை நாள் ஒரு ஆள். வருடத்துக்கு ஆறு நாட்கூலி, அந்த 2024ஆம் ஆண்டுக் கூலிக்கு 8,100 ரூபா. இந்தப் பேரேட்டில் மிகப் பெரிய செலவு இதுவே. மேலே சொன்ன 50 கிலோ விறகை வைத்து இதை நிறுத்துப் பாருங்கள்.

பதுளையில் இதைச் செய்யக்கூடிய இடங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் பசறையில் இருக்கிறது. 1.3 மில்லிகிராம் படலத்தைப் பூசவும், அதை ஒரு கச்சான் பருவம் முழுக்க வாட்டும் மாடியில் தொங்கவிட்டுப் பார்க்கவும், இதைவிடப் பொருத்தமான மாகாணம் இலங்கையில் இல்லை என்பது என் திடமான எண்ணம். ஒரே வருடத்தில், ஒரே கூரையின் கீழ், 50 சதவீதக் காய்ச்சலையும் வடகீழ்ப் பருவத்தின் 100 சதவீத மூட்டத்தையும் வேறெங்கே பார்ப்பது?

ஸ்டோரை விட்டு வெளியே வந்தால் இன்னொரு ஈரக்கணக்கு இருக்கிறது. அது என்னை விடாது, ஏனென்றால் என் அம்மா அந்தக் கணக்கில் நாற்பது வருடம் நின்றவர். கொழுந்து மடுவத்தில் தராசு. மழைநாள். கூடை நிறைய நனைந்த கொழுந்து. தராசு 20 கிலோ காட்டும், கொப்பியில் 18 ஏறும். தண்ணிக்கு இரண்டு கிலோ கழிவு. தண்ணீர் இருந்தது உண்மை. நனைந்த கொழுந்தைப் பிழிந்தால் சொட்டும். ஆனால் அது இரண்டு கிலோதானா, ஒன்றா, மூன்றா என்று யாரும் அளக்கவில்லை. வெயில் ஏறி இலை காய்ந்த பத்தரை மணி நிறுவையிலும் அதே இரண்டு கிலோ போனதை அம்மா சொல்லியிருக்கிறார். மாதத்தில் 20 நாள், நாளுக்கு 2 கிலோ: 40 கிலோ கொழுந்து. அதில் பாதி உண்மையிலேயே தண்ணீர் என்று கொண்டாலும் மீதி 20 கிலோ 4.3 கிலோ தேயிலை. கிலோ 1,200 ரூபா என்றால் 5,200 ரூபா. ஒரு பெண்ணின் ஒரு மாதம்.

இதற்குப் பல்பகுதியமும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கிலோ கொழுந்தை எடுத்து, துவாயில் உருட்டித் துடைத்து, திரும்ப நிறுத்தால் தண்ணீர் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் இலை ஈரத்தை அளக்கும் தட்டொன்றை, சீப்புப் பல் மின்வாய்களோடு, மலையில் ஒரு தேயிலைச் செடியின் உயரத்தில் நட்டுவைத்தால், எந்த மணிக்கு இலை நனைந்திருந்தது, எந்த மணிக்குக் காய்ந்தது என்ற பதிவு கிடைக்கும். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்கவும் அதே பதிவுதான் வேண்டும். நோயின் வித்திகள் நனைந்த இலையில்தான் முளைக்கின்றன. மருந்துக்காக அளக்கும் அந்த ஈரத்தை மடுவத்துச் சுவரிலும் எழுதிவைத்தால் என்ன என்பதுதான் நான் கேட்பது. பத்தரை மணிக்கு இலை காய்ந்திருந்தது என்று பலகை சொன்னால், இரண்டு கிலோ கழிக்கும் கை ஒரு நிமிடம் நிற்கும்.

சென்ற தவணையில் வாங்கிய டிஎச்டி22 ஒன்றை எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் உப்புப் போத்தலுக்குள் வைத்தோம். போத்தல் ஒரு பழைய ஜாம் போத்தல், உப்பு பக்கத்துக் கடை உப்பு, அறை 24 பாகை. ஒரு மணித்தியாலம் கழித்துப் பிள்ளைகள் வாசித்த இலக்கம் 78. இருக்க வேண்டியது 75.3. வேறொரு உப்பின் போத்தலிலும் வைத்துப் பார்த்தோம்; அங்கும் ஏறத்தாழ அதே அளவு கூட. ஒரு பிள்ளை சின்னக் கடதாசித் துண்டில் "3 கழிக்கவும்" என்று எழுதி, திகதியும் போட்டு, உணரியின் முதுகில் ஒட்டினாள். கச்சான் தொடங்கும் கிழமையில் அதை அந்த ஸ்டோருக்கு எடுத்துப்போய், புதுத் திரிக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறோம்.